தூண் சிஸ்டர் ஏறிய ஐம்பது மாடி

"இருநூத்திப் பன்னெண்டா?"

மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். எண் மாறவில்லை.

"வார்டு நர்ஸெல்லாம் பன்னெண்டாயிரம் ஸ்டெப் நடக்கறாங்க. நீங்க படுத்துக்கிட்டா டூட்டி பார்த்தீங்க?"

"மேடம், நான் ஆபரேஷன் தியேட்டர். கை கழுவி உள்ள போனா வாட்ச் கட்டக் கூடாது. அது லாக்கர்ல தூங்குது. நான் எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே..."

"நிக்கறது நடக்கறது ஆகுமா?"

ஆகாதுதான். கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்தபடி அசையாமல் நிற்பதைப் பார்த்து, சர்ஜன் அவளுக்குத் 'தூண்' என்று பெயர் வைத்து, அதுவே ஆஸ்பத்திரி முழுக்க நிலைத்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் காலில் நரம்பு புடைத்தபோது, "தினமும் நடக்கலைன்னா உன்னையே இந்த மேசையில படுக்க வைப்பேன்" என்று மிரட்டியதும் அவரேதான். அதை மாமியாரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள்.

தூக்கம் என்றால் அவளுக்கு உயிர். அதில்தான் இப்போது கை வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி எல்லா நர்ஸுக்கும், நடையையும் நாடியையும் எண்ணி மேட்ரன் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஒரு வாட்ச் கொடுத்திருந்தது. நாளுக்கு எட்டாயிரம் ஸ்டெப் காட்டாதவர்கள் அடுத்த மாதம் முழுக்க, காலை ஐந்தரை மணிக்கு உடற்பயிற்சி வகுப்புக்கு வந்தாக வேண்டும்.

மறுநாள் தூண் வாட்சைச் சாக்ஸுக்குள் ஒளித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலை ஆட்டினாள். பத்தே நிமிஷம்.

"தூண் ஆடுதே! பூகம்பமா?" என்றார் சர்ஜன், தலை நிமிராமல்.

வாட்ச் லாக்கருக்கே திரும்பியது.

அன்று வீடு வந்து சேர்ந்தால், வழக்கம் போல லிஃப்ட்டில் 'பழுது' போர்டு. ஐந்து மாடியும் படியேறி, ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கம்பெனிக்காரனின் பரம்பரையைத் திட்டித் தீர்த்தாள். உள்ளே போனதும் மாமியார் ஆரம்பித்தார். கணவன் கப்பல் வேலையில் இருந்ததால் வீட்டில் இவர்கள் இரண்டே பேர்தான்.

"தண்ணி கொண்டாம்மா. ஐயோ, இந்த முட்டி!"

கொடுத்தாள்.

"பால்கனிக் கதவைச் சாத்திடு."

சாத்தினாள்.

"கீழ கடையில தைலம் வாங்கிட்டு வந்துடேன்."

மூன்றையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. முட்டி வலி வந்து இரண்டு வருஷமாக நாற்காலிதான் கதி. ஆனால் அதில் உட்கார்ந்தபடி அவர் கால் மட்டும் ஓயாமல் ஆடும். தைலத்தோடு மூச்சிரைக்க வந்து நின்ற தூணுக்கு, ஆடுகிற காலைப் பார்த்ததும் பளிச்சென்று யோசனை வந்தது. மறுநாளே லாக்கரிலிருந்த வாட்சை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"அத்தை, இந்த வாட்சைக் கணுக்கால்ல கட்டிக்கிறீங்களா? நீங்க ஆட்டுற ஆட்டத்துக்கு எட்டாயிரம் சுலபமா வந்துடும்."

"முட்டி வலிக்காரிக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று இழுத்தாலும், கட்டிக்கொண்டார்.

முதல் நாள் ஒன்பதாயிரம். தூண் நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டாம் நாள் பதினாலாயிரம். மூன்றாம் நாள் இருபத்திரண்டாயிரம்.

"ஆஸ்பத்திரியிலேயே நீங்கதான் முதல்!" மேட்ரன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒண்ணாம் தேதியிலேருந்து அந்த அஞ்சரை மணி வகுப்பை நடத்தப் போறதே நீங்கதான்!"

வகுப்புக்குப் போவதற்கே பயந்தவள், இனி எல்லோருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள், ஓர் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால், மேட்ரன் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பத்து மணியிலேருந்து நீங்க ஐம்பது மாடி ஏறியிருக்கீங்க. நாடித்துடிப்பு நூத்திமுப்பது. ஆனா பத்து மணியிலேருந்து நீங்க உள்ள நிக்கறதை நான் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டிருக்கேன். வாட்ச் யார்கிட்ட இருக்கு?"

"மாமியார்கிட்ட மேடம்... அறுபத்தேழு வயசு. நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க."

"நாற்காலி ஐம்பது மாடி ஏறுமா?"

தூணுக்குப் பகீரென்றது. நூற்றிமுப்பது! அறுபத்தேழு வயசு இதயம்! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியாக விழுந்து கிடக்கிறாரோ? தன் தூக்கத்துக்காக ஒரு கிழவியைப் பலி கொடுத்துவிட்டோமோ?

"முதல்ல போய் அவங்களைப் பாருங்க. மெமோ நாளைக்கு" என்றார் மேட்ரன்.

அழுதுகொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினாள். லிஃப்ட் திறந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. போர்டைக் காணோம். அதில் காலை வைக்கப் போனவள், படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் துண்டு. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தார் மாமியார்.

"அத்தை!"

மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஐயோ, முட்டி" என்றார், கொஞ்சம் தாமதமாக.

"ரெண்டு வருஷம்! வெந்நீர் ஒத்தடம் என்ன, தைலம் என்ன! எத்தனை தடவை உங்களுக்காக மேலயும் கீழயும் ஓடியிருப்பேன்!"

"ஓடினே இல்ல? அந்த டாக்டர் அப்புறம் உன் நரம்பைப் பத்திப் பேசினாரா?"

தூண் குனிந்து தன் காலைப் பார்த்தாள். புடைப்பு எப்போது வற்றியது என்றே அவள் கவனித்ததில்லை.

"இந்த வாட்சை நீயே கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருந்தா, எட்டாயிரம் என்ன, பத்தாயிரமே வந்திருக்கும். நான் எண்ணித்தானே வேலை சொல்றேன்!"

திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் தூண் நின்றாள்.

அப்போது கேட்டிலிருந்து வாட்ச்மேன் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரு கையில் 'பழுது' போர்டு. இன்னொரு கையில், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு தாள்.

"என்னம்மா இது, நீங்க கொடுத்த டூட்டி லிஸ்ட்டுல சிஸ்டர் மூணு மணிக்கு வருவாங்கன்னுதானே இருக்கு? இப்படிப் பன்னெண்டரைக்கே வந்து நின்னா, நான் எப்ப போர்டு மாட்டுறது?"