காடைக்குக் கம்பீரம் போதாது

"காடைக்குக் கம்பீரம் போதலைங்க அம்மணி. கோழிக்குஞ்சாட்டம் இருக்குது," என்றார் குமாரசாமி.

ரூபினாவுக்குச் சுருக்கென்றது. உக்கடத்திலிருக்கும் தன் சின்னக் கடையில், மூன்று நாள் தூரிகையோடு மல்லுக்கட்டி, இறகு இறகாக அவள் வரைந்த காடை அது.

அன்னூரில் பம்ப் கம்பெனி நடத்தும் குமாரசாமிக்கு, மகள் லோகப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகையில் ராஜாக்கள் வைத்திருப்பதுபோல் கேடயமும் பறவையுமாக ஒரு குடும்பச் சின்னம் வேண்டும். அவர்கள் குலத்துக்குக் காடைக் கூட்டம் என்று பெயர். காடையை எவ்வளவு மிரட்டினாலும் காடையாகத்தானே நிற்கும்?

ரூபினா படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கழுத்தை நிமிர்த்தினாள். போதவில்லை என்றார். தலையில் இரண்டு இறகுகளைத் தூக்கிவிட்டாள். இன்னும் கொஞ்சம் என்றார். கண்களைப் பெரிதாக்கி, நேராக முறைக்க வைத்தாள். முதுகுப் புள்ளிகள் தங்க அச்சில் பிடிக்காது என்று அச்சகத்தில் சொல்லவே அவற்றையும் அழித்தாள்.

கடைசி மாதிரியைப் பார்க்க லோகப்பிரியாதான் வந்தாள். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு ரூபினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கோடுகூட மாற்ற வேண்டாம், அப்படியே அடிக்கச் சொல்லுங்கள் என்றாள்.

பத்திரிகைகள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் குமாரசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் கடைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது ஆந்தைங்க அம்மணி. மாப்பிள்ளை ஊடுதானுங்க ஆந்தைக் கூட்டம். ரெண்டு பேரும் ஒரே கூட்டம்னா அண்ணன் தங்கச்சி முறை ஆயிப்போகுமுங்க. கல்யாணமே நின்னுபோகும்."

ரூபினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் கைவேலையால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்பதா? உடனே பத்திரிகையில் சரியான காடையைப் போட்டு லோகப்பிரியாவுக்கு அனுப்பினாள். கொடுமுடியிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே அனுப்பிக்கொள்வதாக அவள் சொன்னாள். காதல் கல்யாணம் என்பதால் இரு வீட்டுக்கும் இடையே தகவல் கொண்டுபோனதெல்லாம் அவளும் மாப்பிள்ளை மனோஜ்குமாரும்தான்.

நான்கு நாளாகியும் கொடுமுடியிலிருந்து ஒரு போன் இல்லை. கோபம்தான் என்று முடிவுகட்டிய குமாரசாமி, மகளிடம்கூடச் சொல்லாமல், தூரிகையில் வரைந்த அசல் காடையோடு ரூபினாவையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாப்பிள்ளையின் அம்மா கீதா சிரித்த முகமாக வரவேற்றுக் காபி கொடுத்தார். டிவிக்கு மேலே பத்திரிகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஆந்தை முறைத்தது. குமாரசாமி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

ரூபினா எழுந்து அசல் படத்தை விரித்தாள். பெண் வீட்டார் சுத்தமான காடைக் கூட்டம், அதை ஆந்தையாக்கியது தன் கம்ப்யூட்டர், தவறு முழுக்கத் தன்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். குமாரசாமி நிம்மதியாகத் தலையாட்டினார்.

கீதா படத்தையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, நீங்க ஆந்தைன்னுதானுங்களே எங்க பையன் சொன்னான்? நாங்கதானுங்க காடை."