சூளைக் கம்பளி போர்த்திய சர்வர்

கூச்ச சுபாவம் உள்ளவனுக்குப் பெருமை பேசும் ஆசை இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக இருக்கும். வாய் வழியாக வராமல் ஏதாவது ஒரு பொருள் வழியாக வரும், அவ்வளவுதான். சிலருக்கு புல்லட் வண்டி. எனக்கு ஒரு சர்வர். கம்பெனிகளில் ஏசி அறைக்குள் வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய கம்ப்யூட்டர்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் சூளைக்குச் சரக்கு அடுக்குவது என் வேலை. ஓய்வு நேரத்தில் சொந்தக்காரர்களின் விசேஷ வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். (கேமராவைப் பிடித்து நிற்பவனிடம் யாரும் "அப்புறம், வேற என்ன?" என்று கேட்பதில்லை. அதற்காகவே கற்றுக்கொண்டேன்.)

சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப்போட்ட சர்வர் பழைய சாமான் கடைக்கு வந்தபோது நான் விடவில்லை. உள்ளே இரண்டு ப்ராசஸர், ஒவ்வொன்றிலும் பத்து கோர். கோர் என்பதை வேலை செய்யும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, இருபது ஆள். என் மனைவியின் தம்பி சேகர் பெங்களூரிலிருந்து கொண்டுவரும் புது லேப்டாப்பில் எட்டு ஆள்தான். அதுவும் எவர்சில்வர் தட்டு கனம்கூட இருக்காது. சர்வரையோ இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தோம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் இருபது எட்டைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் என் அக்காவின் மகள் கலைவாணிக்குக் கல்யாணம் கூடிவந்தது. கலை கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பா இறந்துவிட்டார். அவர் பேசுகிற படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கலையின் காதுகுத்தில் எடுத்த பழைய கேசட்டில் கொஞ்ச நேரம் வருகிறார். அந்தக் கேசட் சமீபத்தில்தான் ஒரு பெட்டியின் அடியிலிருந்து கிடைத்தது. கலை அதைப் பார்த்ததில்லை. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. வரவேற்பில் மேடைத் திரையில் அதைப் போட வேண்டும், பெண்ணுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது என்று அக்கா என்னிடம் கொடுத்தாள்.

"ஸ்டுடியோக்காரங்க வேணாம் தம்பி. நீ பாத்து செய்யி" என்றாள்.

பார்த்துச் செய்தேன். தேவைக்கு அதிகமாகவே செய்தேன். கேசட்டின் புள்ளி புள்ளியான படத்தைத் துடைத்தேன். ரோஜா இதழ்களைக் கொட்டவிட்டேன். இரண்டு அன்னங்களை இடமிருந்து வலமாக நீந்தவிட்டேன். அன்னம் திருப்தியாக நீந்தாததால் வேலை இழுத்துக்கொண்டே போய், எல்லாவற்றையும் ஒரே படமாக்கித் தரும்படி சர்வருக்கு உத்தரவிட்டபோது வரவேற்பு நாள் காலை ஆகிவிட்டது.

சேகர் வந்திருந்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மாமா, இதுல ஒருத்தருதான் வேல செய்யறாரு. மீதி பத்தொம்போது பேரும் குந்திகினு இருக்காங்க. பென்டிரைவக் குடுங்க, நான் போட்டுத் தரேன்."

"இதுல இருவது இருக்குது மச்சான்" என்றேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்டு சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

அடுத்த பிரச்சினை சத்தம். சர்வரின் ஃபேன்கள், புறப்படப் போகிறேன் என்று உறுமிக்கொண்டே ஸ்டாண்டை விட்டு நகராத ஸ்ரீமுஷ்ணம் பஸ் மாதிரி இரைந்தன. வீடு நிறைய விருந்தாளிகள். திட்டக்குடி பக்கம் மங்களூரிலிருந்து வந்திருந்த மனைவியின் பெரியப்பா, பக்கத்து வூட்டுல மாவு மில்லு ஓடுதா என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும், கொஞ்சம் பொறுத்துக்குங்க, சாயங்காலத்துக்கு வீடியோ தயாராகுது என்று சொல்லியிருப்பார்கள். ஒரு வரிதான். அது எனக்கு வரவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனேன்.

அங்கே சூளைக் கதவின் உள்பக்கத்துக்கு வைக்கிற, தீப்பிடிக்காத வெள்ளைக் கம்பளியில் மிச்சத் துண்டு ஒன்று சுருட்டிக் கிடந்தது. சூளையின் சூடு துளியும் வெளியே போகாமல் பிடித்துவைப்பதற்கென்றே செய்த பொருள் அது. என் பாதி ஆயுளை அதோடுதான் கழித்திருக்கிறேன். கதவில் அது ஒரு விரல் கிழிந்திருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் அதைக் கொண்டுவந்து, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை முன்னும் பின்னும் இடுக்கில்லாமல் சுற்றினேன். சத்தம் அடங்குமா என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

சத்தம் குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுத்தமாகவே நின்றது. "இப்பதான் வூடு வூடா இருக்குது" என்றார் பெரியப்பா. கம்பளியின் தரத்தை மனதுக்குள் மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன். பாயசம் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தேன்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருந்தது. கம்பளியை விலக்கினேன். சூளைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அதே காற்று. (சுடாத பச்சைப் பொம்மை ஒன்றை உள்ளே வைத்திருந்தால் நன்றாகக் காய்ந்திருக்கும்.) சத்தம் நின்றது கம்பளியால் அல்ல, சர்வர் உயிரை விட்டதால். ஆறவைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் முடிய நடுராத்திரி ஆகிவிடும்.

பின்னால் சேகர் நின்றிருந்தான். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

அப்போது அக்கா மண்டபத்திலிருந்து போன் செய்தாள். "அவரு வர்ற எடம் நல்லா வந்துடுச்சா தம்பி?"

"ஆவுதுக்கா" என்று வைத்துவிட்டேன். என் சர்வர் தோற்றது போகட்டும். நாளைக்குத் தாலி ஏறப்போகிற பெண் இனி அந்தக் குரலை எந்த மேடையில் கேட்பாள்?

"மச்சான், நீயே செய்யி" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய கனமான வசனம் அதுதான்.

கேசட்டிலிருந்து ஏற்றிய படம் இருந்த பென்டிரைவை வாங்கிக்கொண்டு, அவன் மடியில் லேப்டாப்போடு கட்டிலில் உட்கார்ந்தான். தன் சாஃப்ட்வேரில் அன்னமும் ரோஜாவும் வராது, பரவாயில்லையா என்று கேட்டான்.

"அவரு மட்டும் வந்தா போதும்."

நான் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்திருந்தது. நம்பாமல், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்பு.

சேகர் பொறுமையாகச் சொன்னான். புது ப்ராசஸரில் ஒவ்வொரு ஆளும் பழைய ஆளைவிடப் பல மடங்கு வேகம். வீடியோ வேலைக்கென்றே உள்ளே தனியாக ஒரு பகுதியும் இருக்கிறது. "உங்களது மட்டம்னு சொல்லல மாமா. ஒரே நேரத்துல நூறு பேரு வந்து கேட்டா அது அத்தன பேருக்கும் குடுக்கும். நீங்க ஒரே ஆளு."

அது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஒற்றைப் பொம்மைக்காக யாரும் பெரிய சூளையைப் பற்றவைப்பதில்லை. தினமும் கையால் செய்கிற வேலையில் இருக்கும் அறிவு, பெருமை வந்து உட்கார்ந்ததும் எங்கே எழுந்து போய்விடுகிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் மேடையில் கலை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் அப்பா வந்தார். மடியில், கேமராவைப் பார்க்க மறுத்து அழும் மொட்டைக் குழந்தை.

"கலை, இங்க பாரு. அப்பாவப் பாரு."

திரையில் குழந்தை பார்க்கவில்லை. மேடையில் கலை நிமிர்ந்து பார்த்தாள்.

முன்வரிசையில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் போட்ட கணக்குப்படி சரியாக அந்த நொடியில்தான் இரண்டு அன்னங்கள் அவர் முகத்துக்குக் குறுக்கே நீந்தியிருக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கம்பளி விஷயத்தை சேகர் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி சொன்னாள், எல்லோரிடமும். அதனால் மார்கழிக் குளிரில் நான் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டால் போதும், "மூஞ்சிய மூடாதீங்க, சூடாகி ஆஃப் ஆயிடப் போறீங்க" என்று பக்கத்திலிருந்து குரல் வரும். இப்போதெல்லாம் கலையின் வீட்டுக்காரரும், நான் போனை எடுக்கச் சற்றுத் தாமதமானால், "மாமாவுக்கு யாராச்சும் கம்பளிய எடுத்து வுடுங்க" என்கிறார். நான் போர்வையை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு படுத்துக்கொள்கிறேன்.