இரண்டு குப்பி புரோமின்

மறுபடியும் பூஜ்யம்!

ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரோமின் அணுவில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று கொஞ்சம் ஒல்லி, மற்றது கொஞ்சம் குண்டு. எந்தச் சரக்கில் எது எவ்வளவு தூக்கல் என்று அளந்து சொல்வதுதான் அவர் பிழைப்பு. காலையில் டைரக்டர் இரண்டு குப்பிகளை மேஜையில் வைத்தார்.

"ரெண்டுலயும் புரோமின் கலந்த கரிமச் சேர்மம். விகிதத்துல வித்தியாசம் எவ்வளவுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. சரியா இருந்தா உங்க வேலை நிரந்தரம்."

தப்பாக இருந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இயந்திரமோ வித்தியாசமே கிடையாது என்று சாதித்தது.

கைபேசியில் மனைவி. "என்னங்க, ஆச்சா?"

"எங்க ஆச்சு? மெஷின் மக்கர் பண்ணுது."

"சீக்கிரம் பாருங்க. நிரந்தரமாயிடுச்சுன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"ஆயிடுச்சுன்னா? அடிப்பாவி!"

ஆவியைப் பிரிக்கும் குழாயை மாற்றினார். பூஜ்யம். வாயுவின் வேகத்தைக் கூட்டினார். அதே பூஜ்யம். பல்லைக் கடித்துக்கொண்டு இயந்திரத்தின் வயிற்றையே திறந்து துடைத்து மூடினார். வெற்றிடப் பம்பு ஊளையிட ஆரம்பித்தது.

"ஐயையோ!" என்று திருகை இறுக்கினார். ரப்பர் வளையம் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. காற்று உள்ளே புகுந்தது. திரையில் எண்கள் பேய் பிடித்த மாதிரி ஆடின. ஆனால், ஆகா, வித்தியாசம் வந்துவிட்டது!

முதல் தடவை ஆயிரத்துக்கு இரண்டு. அடுத்த தடவை கழித்தல் ஐந்து. அப்புறம் மூன்று.

"அப்படி வா வழிக்கு!" என்றார். வந்த எண்களில் கடைசியாக வந்த மூன்றுதான் பார்க்க நம்பும்படி இருந்தது. அதையே எழுதி, கையெழுத்துப் போட்டு, டைரக்டருக்கு அனுப்பிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன்கிட்ட இன்னொரு தடவை சொல்லிக்கோ. இந்தத் தடவை நிஜம்."

காலிக் குப்பிகளை வாங்கிப்போக ஸ்டோர் அம்மா வந்தார். "என்ன சார், ஒரே சந்தோஷமா இருக்கீங்க?"

"பின்னே? ரெண்டு குப்பியும் வேற வேறன்னு கண்டுபிடிச்சிட்டேம்மா! லேசுப்பட்ட விஷயமா?"

அந்த அம்மாள் திகைத்துப்போய் அவரையே பார்த்தார்.

"வேற வேறயா? டைரக்டர் சொன்னாருன்னு, ஒரே பாட்டில்லேர்ந்து நான்தானே சார் ரெண்டுலயும் ஊத்துனேன்!"