கொடி பறக்கும் கோட்டை

டொக். டொக். ஒரு சின்ன மௌனம். பிறகு மூக்கால் இழுத்து முகரும் சத்தம்.

சமையலறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த வெல்மாவின் கத்தி நின்றது. கூடத்தில் கொம்பைத் தட்டி, மோந்தும் பார்த்தாகிவிட்டது. அடுத்தது பூதக்கண்ணாடிதான்.

வாசகர்களே, வரைபடக் கொம்பர் என்றொரு இனம் உண்டு. மோகாக் ஆற்றங்கரை ஊர்களில் தெருவுக்கு ஒருவர் நிச்சயம். இருநூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு சிப்பாய், வெடிமருந்து அடைத்துவைத்த மாட்டுக்கொம்பின்மேல், பொழுது போகாமல் கத்திமுனையால் ஆறுகளையும் கோட்டைகளையும் கீறிவைத்தான். அதை வெள்ளைக் கையுறை மாட்டி, பெற்ற பிள்ளையைக்கூடத் தூக்காத பதவிசோடு தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, மெல்லத் திருப்பித் திருப்பி, ஆல்பனி இங்கே, ஓஸ்வீகோ அங்கே என்று முனகுகிறவர் யாரோ, அவரே கொம்பர். ஓஸ்வீகோவுக்குப் படகில் போன பழைய வழி அவருக்கு அத்துப்படி. மளிகைக் கடைக்கு வழி? மனைவியைக் கேட்பார்.

வெல்மாவின் கணவர் ஆர்வில் அந்த இனத்தின் திலகம். வருகிற சனிக்கிழமை கொம்பர் சங்கத்தில் பேசப்போகிறார். எந்தச் சரித்திரத்திலும் இல்லாமல் அவர் கொம்பில் மட்டுமே இருக்கும் ஒரு கோட்டையைப் பற்றி. உச்சியில் கொடி வேறு பறக்கிறது. மூன்று மாதமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை. அந்தக் கோட்டையில் உயிர்விட்ட பெயர் தெரியாத வீரர்கள் என்ற இடம் வந்ததும் தினமும் தவறாமல் அழுகிறார்.

அது கோட்டை இல்லை. கோழிக்கூடு. கொடி இல்லை. கோழி.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், இருபதாவது கல்யாண நாளை மறந்து அவர் கொம்புச் சந்தைக்குப் போன மத்தியானம், வெல்மா தையல் ஊசியால் கீறி, பழசாகத் தெரியக் காப்பித்தூள் தேய்த்தது. மறுநாளே சொல்லிவிடத்தான் இருந்தாள். அதற்குள் அவர் ஆனந்தக் கண்ணீரோடு ஓடிவந்து, இத்தனை நாள் கண்ணில் படவில்லையே என்று அவளைக் கட்டிக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. பேதை நெஞ்சு, எப்படிச் சொல்லும்?

இன்றைக்கு வந்திருப்பவரோ க்ளெட்டஸ். ஆர்விலின் முப்பது வருஷ நண்பர், அதாவது எதிரி; அதனாலேயே இத்தனை நாள் கோட்டையை அவர் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார். போலியை மோப்பத்திலேயே பிடிப்பவர் என்று பெயர். குட்டு உடைந்தால் ஆர்வில் சனிக்கிழமை முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? வெல்மா பலகாரத் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது பூதக்கண்ணாடி சரியாகக் கோழிமேல் நின்றுகொண்டிருந்தது.

"இது கத்தி கீறினது இல்லையேப்பா," என்றார் க்ளெட்டஸ். "ஊசி மாதிரில்ல இருக்கு."

ஆர்விலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வெல்மா தட்டோடு குறுக்கே வந்தாள். "அண்ணே, அது வந்து..."

"இரும்மா." க்ளெட்டஸ் நிமிர்ந்தார். இன்னொருவனிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்ற அந்த வேதனையை எந்தப் பூதக்கண்ணாடியும் இல்லாமலே பார்க்கலாம். "இதுல என்ன பெரிய அதிசயம்? இதே கோட்டை என் கொம்புலயும் இருக்கு. உன்னுதுல ஒரு கொடி. என்னுதுல ரெண்டு."

வெல்மா தட்டை வைத்தாள். "கொடிக்குக் கீழ உருண்டையா ஏதாச்சும் இருக்கா அண்ணே?"

"பீரங்கிக் குண்டு," என்றார் க்ளெட்டஸ், இமைக்காமல். "மூணு."

ஒரு கொம்பில் இருந்தால் சந்தேகம். இரண்டில் இருந்தால் சரித்திரம். சனிக்கிழமை தானும் கொம்போடு வந்து சாட்சி சொல்வதாக க்ளெட்டஸ் வாக்களிக்க, ஆர்வில் அவர் தோளில் சாய்ந்து விம்மினார்.

வாசலில் க்ளெட்டஸ் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா வெல்மா, தையல் ஊசி ஒண்ணு கிடைக்குமா? கோட்டுப் பொத்தான் அறுந்துபோச்சு."

கோட்டில் பொத்தான்கள் ஐந்தும் பத்திரமாக இருந்தன. வெல்மா ஊசியோடு ஒரு பொட்டலம் காப்பித்தூளும் சேர்த்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்களாக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து நீங்கள் காட்டுகிற ஒரு பொக்கிஷமும் உண்டு. நீங்கள் வெளியே போயிருந்த மத்தியானங்களில் உங்கள் வீட்டுக்காரி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று விசாரித்ததுண்டா?

வெல்மாவைக் கேட்டுப் பயனில்லை. க்ளெட்டஸ் படியிறங்கியதும் அவள் கதவைச் சாத்திவிட்டாள்.