கேம்பர் செய்த கை உடையாது

ஆரணியில் நேராக நிற்கும் எதையும் பார்க்கப் பொறுக்காத ஒரே மனிதர் கேம்பர்தான். கார் சக்கரம் நிமிர்ந்து நிற்காமல் மேற்புறம் கொஞ்சம் உள்ளே சாய்ந்து நின்றால், அந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயராம். அதைப் பற்றி அவர் பேசாத நாளே இல்லை என்பதால் தெரு அந்தப் பெயரையே அவருக்கு வைத்துவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கொட்டகைதான் அவர் பட்டறை. தெருவே பட்டு நெய்துகொண்டிருக்க, இவர் மட்டும் பந்தயக் கார்களுக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் செய்துகொண்டிருந்தார். பின் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைக்கும் இரும்புக் கை அது. இரண்டு முனையிலும் மரை இருக்கும். நட்டைத் தளர்த்தித் திருகினால் கை நீளும், குறுகும். சக்கரம் அதற்கேற்பச் சாயும், திரும்பும். நட்டை இறுக்கிவிட்டால் பூமியே பிளந்தாலும் அசையாது என்பது அவர் வாக்கு.

"இம்போர்ட்டட் ஆர்ம்னு வாங்கிகினு வர்றானுங்களே, அதெல்லாம் முறுக்கு. கடிச்சா ஒடைஞ்சிடும்" என்பார். அதை நிரூபிக்கத் தன் ஆர்மை ரைஸ் மில் லாரியின் டயருக்கு அடியில் போட்டுக் காட்டுவார். ஆர்முக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தடவை டயர் வெடித்து, மில்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் வீட்டில் கட்டில் கால், கிரைண்டர் கால், மாமியாரின் கைத்தடி எல்லாமே நட்டு வைத்து நீட்டிக் குறைக்கும் வகை. மாமியார் கல்யாணத்துக்குக் கிளம்பினால் மருமகன் ஸ்பேனரோடு பின்னாலேயே போவார். என் கடை ஷட்டர் மக்கர் செய்தபோது, வேண்டாம் என்று சொல்வதற்குள் அதிலும் ஒரு கையை மாட்டிவிட்டார். அன்றிலிருந்து ஷட்டர் கோணலாகத்தான் இறங்குகிறது.

"கோணலா கீதே?" என்றேன்.

"ஜெராக்ஸ், அது கோணல் இல்ல. செட்டிங்கு."

அவருடைய கை உடையாது என்பது உண்மைதான். வம்பே அதில்தான் இருந்தது. கையைத் தவிர மற்ற எல்லாம் உடைந்தன. ஒரு பந்தயத்தில் கியர் பாக்ஸ் போனது, இன்னொன்றில் இன்ஜின் போனது. அதற்கடுத்ததில் சக்கரமே கழன்று பார்வையாளர் பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் வண்டி உடைந்த கோலத்தில்தான் லாரியில் ஊர் திரும்பும். கேம்பர் அடியில் புகுந்து ஆர்மைத் தடவிவிட்டு வெளியே வருவார். "பாத்தியா? ஒரு கீறல் கூட இல்ல!"

ஆனால் என்னோடு தனியாக இருக்கும்போது குரல் இறங்கிவிடும். "ஒரே ஒரு வாட்டி கோட்டத் தாண்டணும், ஜெராக்ஸ். கடேசியா வந்தாக்கூட போதும்."

வண்டி பட்டுக்கடை முதலாளியின் மகனுடையது; ஓட்டுவதும் அவன்தான். கொட்டகையும் முதலாளியுடையது. அவர் ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சொல்லிவிட்டார்: "இந்தத் தபாவும் ஒடைஞ்சி லாரியில வந்துச்சின்னா வண்டி காயலான் கடைக்கு. கொட்டாயக் காலி பண்ணிடு, நான் பவர்லூம் போட்டுக்கறேன்."

மிரட்டினாலும் விளம்பரத்தை விடுவாரா? பானட்டில் 'முகூர்த்தப் பட்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் ஓட்டப்போகிற பையனின் முகம் ஸ்டாம்பு அளவு. கூலிங் கிளாஸ் போட்ட பெரிய மனிதர்கள் முகம் ஆள் உயரம். அவர்களில் பாதிப் பேருக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது.

கிளம்புகிற அன்று காலையில் கேம்பர் பின் சக்கரங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தார். மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாக்களில் குச்சி நட்டு, காரின் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்னாக நூல் கட்டுவார். பட்டு நூல்தான். நூலிலிருந்து சக்கரத்துக்கு உள்ள இடைவெளியை அளந்து, அதற்குத் தக்கபடி ஆர்மைத் திருகுவார். நூல் கட்டி முடித்ததும் என்னை டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது நூல் கம்பி மாதிரி நின்றது.

"பாரு, எவ்ளோ விறைப்பா கீது! நான் கட்னா கட்னதுதான்" என்று தன்னையே மெச்சிக்கொண்டு அளந்தார், திருகினார், இறுக்கினார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை லாரியில் ஏற்றினோம்.

பந்தயத் திடலில் கொடி அசைந்ததும் எல்லாக் கார்களும் பறந்தன. எங்கள் கார் நண்டு மாதிரி கிளம்பியது. அது பார்க்கிற திசை ஒன்று, போகிற திசை ஒன்று. பையன் பயந்துபோய் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டான். மைக்கில் பேசியவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேம்பர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்கள் முடித்து, மாலை போட்டு, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. கொடிக்காரர் கொடியைச் சுருட்டத் தொடங்கினார். கேம்பர் கத்திய கத்தல் எனக்கு இன்னும் கேட்கிறது.

"யோவ், மடிக்காதய்யா! என் வண்டி வந்துகினு கீது!"

வந்தது. பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே கோட்டைத் தாண்டியது. வேகமே இல்லாததால் உடைவதற்கு அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அன்றைக்குக் கேம்பர் அடியில் புகுந்து ஆர்மைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஊரில் புது ஃபிளெக்ஸ் தயாராக இருந்தது: 'பந்தயத்தை முழுமையாக முடித்த எங்கள் சிங்கமே!' எத்தனையாவது இடம் என்று முதலாளி அச்சடிக்கவில்லை. பவர்லூம் பேச்சையும் அதன்பிறகு எடுக்கவில்லை.

எதிர்வீட்டில் தறி நெய்யும் சரோஜாக்கா பட்டறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "அன்னிக்கி உன் நூலு தொளதொளன்னு கெடந்துச்சிப்பா. எனக்குப் பாக்க சகிக்கல. பின்னாடி ரெண்டு குச்சியையும் புடுங்கி நம்ம பாவுக் குழியில நட்டு இழுத்துக் கட்டிட்டுப் போனேன். சரியா இருந்துச்சா?"

சேலைக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்ட எங்கள் தெருவில் குழிகள் உண்டு. சிமெண்ட் ரோடு போட்டபோது சண்டை போட்டுக் காப்பாற்றிய குழிகள். கேம்பரின் டப்பாக்கள் இருந்த இடத்துக்கு ஒரே பக்கமாக ஒரு சாண் தள்ளி இருந்தன. தன்னை மெச்சிய மும்முரத்தில், குச்சி டப்பாவில் இல்லாததை அவர் பார்க்கவேயில்லை. நூல் கோணியது, அதைப் பார்த்துத் திருகிய பின் சக்கரங்களும் அதே பக்கம் திரும்பின, வண்டி நண்டாகிவிட்டது. தன் நட்டை யாராவது தொட்டாலே எகிறும் மனிதர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன்.

அவர் குனிந்து குழிகளைப் பார்த்தார். "நல்லாத்தான் கட்டிகீறீங்க, அக்கா" என்றார்.

இப்போதெல்லாம் பந்தயத்துக்கு முன்னால் அந்தக் குழிகளுக்கு நேராக வண்டியை நிறுத்துகிறார். குச்சிகளைக் குழியிலேயே நடுகிறார். நூலை வேண்டுமென்றே தொளதொளவென்று விட்டுவிட்டு எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "சரோஜாக்கா, ஒரு தபா வந்து இழுத்துக் கட்டிட்டுப் போங்க!"

என் கடை ஷட்டர் இன்னமும் கோணலாகத்தான் இறங்குகிறது. மாற்றிவிடச் சொல்கிறார்கள். நான் மாற்றுவதாக இல்லை. அது கேம்பர் வைத்த செட்டிங்.