பல்லு பாய் பார்த்த நாடுகள்

உலகத்தை மற்றவர்களின் வாய் வழியாகவே சுற்றிப் பார்த்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பல்லு பாய்தான். பழவேற்காட்டில் அவருக்குக் கருவாட்டு வியாபாரம். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த எவனும் அவரிடம் வாயைத் திறந்து காட்டாமல் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அந்த ஊருக்கு வாத்தியாராகப் போன நான், அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பாய்க்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. வலி கிளம்பினால் கன்னம் பூரி மாதிரி உப்பிவிடும். நண்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, பாலில் நனைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருப்பார்.

"பொன்னேரியில் பல் டாக்டர் இருக்கிறாரே பாய்?" என்றேன், வந்த புதிதில்.

"பல்லு இன்னா நகமா சார், வெட்டினா திரும்ப முளைக்க? எடுத்துட்டு புதுசும் கட்டணும். நல்ல நாடாப் பாத்துதான் போவணும்."

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு விசாரிக்கவில்லையாம். யாராவது கப்பலோ விமானமோ ஏறி வந்தால் போதும், வீட்டுக்குக் கூட்டி வந்து நண்டுக் குழம்பும் சோறும் போடுவார். எதிரில் உட்கார்ந்து, கொடுக்கை எந்தப் பக்கத்துப் பல்லால் உடைக்கிறான் என்று கண் கொட்டாமல் பார்ப்பார். சாப்பிட்டு முடித்ததும் டார்ச் லைட்டோடு வாய்க்குள் இறங்கிவிடுவார்.

சிங்கப்பூர்ப் பல் பளபளப்பு, ஆனால் மெல்லும்போது சத்தம் வருகிறது. மலேயாவில் டாக்டர் சீனாக்காரர். "வலிக்குதுன்றத சீனத்துல எப்டி சார் சொல்றது? நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் புடுங்கிருவான்." இலங்கை? "ரொம்பக் கிட்டக்க இருக்கு. அவ்ளோ கிட்டப் போறதுக்கு இங்கயே இருக்கலாமே!"

துபாயிலிருந்து மருமகன் வந்தார். பாய் ஆசையாகக் கேட்டார்: "அங்க பல்லு டாக்டரு யாரு மாப்ள?"

"நம்ம மெட்ராஸ்காரரு ஒருத்தர்தான் மாமா. கை ராசிக்காரரு."

"அவரே மெட்ராஸ வுட்டு ஓடிட்டாரு. நான் ஏன் அவரத் தொரத்திக்கினு போவணும்?"

துபாய் அன்றோடு பட்டியலிலிருந்து நீங்கியது.

ஆரம்பாக்கத்துப் படகோட்டி ஒருவன், தன் முன்பல் ரங்கூனில் கட்டியது என்று சொல்லி இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழம்பை ஒரு கை பார்த்தான். மூன்றாம் வாரம் பாய் அந்தப் பல்லை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டார்.

"டேய், இது உங்கம்மா குடுத்த பல்லுடா!"

"எங்கம்மா பொறந்தது ரங்கூன்ல பாய்."

பாய் சற்று யோசித்தார். பிறகு அவன் தட்டில் இன்னொரு நண்டை வைத்தார்.

கடைசியில் சிங்கப்பூர்தான் என்று முடிவானது. பாஸ்போர்ட் வந்தது. மெட்ராஸ் துறைமுகத்துக்கு நாங்கள் ஒரு வேன் நிறையப் போய் வழியனுப்பினோம். பாயின் மனைவி ஆமினா அக்கா, வழியில் வலித்தால் அடக்கிக்கொள்ளக் கிராம்புப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தவருக்குக் கன்னத்தில் வீக்கமில்லை. தெருவே கூடிவிட்டது.

"சிங்கப்பூர் டாக்டர் எப்படி பாய்?" என்றேன்.

"டாக்டரா? கப்பல்லயே காஞ்ச ரொட்டியக் கடிச்சேன் சார். பல்லு கையோட வந்துருச்சு."

"அப்போது கப்பல் எந்த நாட்டில்?"

"சுத்தித் தண்ணி. கப்பல் ஆபீசரக் கேட்டேன். இது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லன்ட்டாரு."

"புதுப் பல்?"

பாய் குரலைத் தாழ்த்தினார். "சிங்கப்பூர்ல டாக்டரு வாசல் வரைக்கும் போனேன் சார். உள்ள அந்த நாற்காலியப் பாத்தேன். திரும்பி வந்துட்டேன்."

ஆமினா அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வாயில் பக்கவாட்டில் ஒரு சந்து. பாய் திடுக்கிட்டார்.

"இன்னாடி, பல்லு எங்க?"

"பொன்னேரில. நீங்க கப்பலேறின வாரமே பஸ் புடிச்சுப் போயி எடுத்துக்கினேன். ரெண்டு வருசமா வலி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்கும் நாடு பாக்க ஆரம்பிச்சிருவீங்களேன்னுதான்!"

தெரு முழுக்கச் சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. ஊரார் வாயெல்லாம் பார்த்தவர், வீட்டிலிருந்த ஒரு வாயைப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப வலிச்சுதா ஆமினா?"

மறு வாரமே, அக்காவுக்குப் புதுப் பல் கட்டப் பொன்னேரிக்குக் கிளம்பினார். தைரியத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். உள்ளே அக்கா நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்திருக்க, பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வேர்த்து ஊற்ற நின்றார்.

டாக்டர் குழம்பிப்போனார். "யாருக்குங்க பல்லு?"

திரும்பி வரும்போது, பஸ்ஸில் அக்காவோடு பெண்கள் சீட்டில் உட்கார்ந்ததற்காகக் கண்டக்டர் கத்தினார். பாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழவேற்காடு வந்து பஸ் நிற்கும்வரை அக்காவின் கையை அவர் விடவே இல்லை.