உன் மச்சான் மருந்து வாங்கிய மாதம்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

முதலில் நல்ல சேதி. பெரிய பேரன் கப்பலில் எஞ்சின் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டான். அடுத்தவன் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதல். கடைக்குட்டி பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் சொல்கிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன நான் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் சரிபார்க்கிறேன். எல்லாருக்கும் மேலாக, மூத்த பேத்தி நர்ஸ் வேலைக்குத் தேர்வாகி, நீ திறந்து வைத்த ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறாள். நம் வீட்டில் அரசாங்க வேலை பார்க்கிற முதல் ஆள் அவள்தான்.

தொந்தரவும் அங்கேதான். நீ ரிப்பன் வெட்டிய அன்றைக்கு அங்கே பன்னிரண்டு கட்டில் இருந்தது, ஒரு டாக்டரும் இருந்தார். சாயங்காலமே கட்டிலெல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டது, டாக்டர் உன் காரை ஓட்டிக்கொண்டு போனார். உன் டிரைவருக்கு வயிற்றில் பொத்தான் சேரவில்லை என்று அந்த வெள்ளைக் கோட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தவள் எங்கள் தெரு தையல்காரி. அவளிடம் எதை மறைப்பது? ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி, என் தம்பிக்கு நான் பொறுப்பு என்று சொன்னவள் நான். இப்போது குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுபோகிறது. தையல்காரி மட்டும் குடத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஏன் பெரியம்மா, உங்க தம்பி இந்தப் பக்கம் வருவாரா, இல்ல கட்டிலோட சேத்து அவரையும் எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று உன் ஆபீஸ் ஆள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து, ஆறு மாதத்தில் எண்ணூறு பேருக்கு வைத்தியம் பார்த்ததாக அதில் எழுதியிருக்கிறது, வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் பேத்தி கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் வேலை இருக்காது என்று, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னான். அவன் போன பிறகு பேத்தி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வாக்காளர் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள், அதுவும் பழைய பட்டியல். எட்டு வருஷத்துக்கு முன் செத்துப்போன உன் மச்சான், என் வீட்டுக்காரர், போன மாதம் மூட்டுவலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். உயிரோடு இருந்தபோது ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரி இருக்கிற தெருவில்கூட நடக்காத மனுஷன். பூரண குணம் என்று வேறு போட்டிருக்கிறது.

பேத்தி காகிதத்தை மூடி வைத்தாள். "போடட்டுமா பாட்டி? நீ போடுன்னா போட்டுடறேன்."

இந்த வேலைக்கு அவள் எத்தனை வருஷம் படித்தாள் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்ப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்தேன். அப்புறம், போடாதே என்றேன்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் நீயே வா. கட்டில் எங்கே, டாக்டர் எங்கே என்று தெரு கேட்கிறதற்கு உன் வாயால் பதில் சொல். அவள் வேலைக்கு ஒன்றும் வரக் கூடாது. அது வரைக்கும் இது நமக்குள் இருக்கட்டும். அக்கா உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் முத்தம். நோய்நொடி இல்லாமல் இரு. வந்தாலும் நீ திறந்த ஆஸ்பத்திரிக்கு வந்துவிடாதே.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பேத்தி இதை வாங்கிப் படித்து, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்தக் காகிதக் கட்டோடு பத்திரிகை ஆபீசுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை, குடை எடுத்துக் கொடுத்தேன். இப்போதுதான் திரும்பி வந்தாள், ஞாயிற்றுக்கிழமை அச்சில் வருமாம். பக்கத்தில் போட உன் போட்டோ கேட்கிறார்கள். என்னிடம் இருப்பதில் எல்லாம் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய், இந்தச் சேதிக்கு அது நன்றாக இருக்காது. சிரிக்காமல் புதிதாக ஒன்று எடுத்து உடனே தபாலில் அனுப்பி வை.